திருத்தாமல் விட்ட வரி

ஊரில் எல்லோரும் அவரை மேஜர் என்றுதான் கூப்பிட்டார்கள். பட்டாளத்தில் அவர் சார்ஜண்ட்டைத் தாண்டிப் போனதே இல்லை. மிச்சப் பதவி உயர்வைக் கொடுத்தது ஊர்தான். கறுப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு வக்கீலாக நடமாட ஆரம்பித்த புதிதில், பேருந்து நிலையத்துக்கு எதிரே கடை வைத்திருந்த முடிதிருத்துபவர் "வாங்க மேஜர்" என்று நாற்காலியைத் தட்டிப் போட்டார். அந்த வாரத்துக்குள் கடைவீதி முழுக்க அது ஒட்டிக்கொண்டது. மேஜர் இல்லை, சார்ஜண்ட்தான் என்று அவரும் பத்திருபது பேரிடம் சொல்லிப் பார்த்தார். அதைத் தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். பிறகு அவருக்கே அலுத்துவிட்டது.

அவர் சார்ஜண்ட்டாக இருந்தபோது நடந்ததை முதலில் சொல்லிவிட வேண்டும். அப்போது அவருக்கு வயது இருபத்தாறு. எல்லைக்கு அந்தப் பக்கம், ஆற்றை ஒட்டிய ஒரு பள்ளிக்கூடத்தை அவருடைய பிரிவு பிடித்து வைத்திருந்தது. இருபது பேர். பின்னாலிருந்து படை வந்து சேரும்வரை கட்டடத்தை விடக் கூடாது என்பது உத்தரவு. படை வரவில்லை. முதல் நாள் வயர்லெஸ் போயிற்று. இரண்டாம் நாள் மேல்மாடியில் குண்டு விழுந்து லெப்டினன்ட் போனார். அதே வெடியில் சார்ஜண்ட்டின் இடது காதும் போனது. மூன்றாம் நாள் காலையில் தலையை எண்ணினால் அவரைத் தவிர ஒன்பது பேர். அதில் நாலு பேரால் நடக்க முடியாது. ஆளுக்கு ஐந்தாறு தோட்டா மிச்சம். தெருமுனையில் ஒரு டாங்கி வந்து மூக்கைக் கட்டடத்தின் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றது.

ஒன்றாம் வகுப்புப் பெஞ்சில், முழங்கால் தாடையை இடிக்க, அவர் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து, கரும்பலகைக்குப் பக்கத்தில் சாத்தியிருந்த வாத்தியார் கோலை எடுத்து, அதன் நுனியில் தன் துண்டைக் கட்டினார். இயந்திரத் துப்பாக்கிக்காரன் ஒருவன், கட்டாதீங்க சார்ஜண்ட் என்று மட்டும் சொன்னான். அவர் முடிச்சை இறுக்கினார். அவன் அவருடைய பூட்ஸுக்குப் பக்கத்தில் காறித் துப்பினான். கதவைத் திறந்துகொண்டு முதலில் வெளியே போனவர் அவர்தான்.

பதினோரு மாதம் கைதி முகாமில் இருந்தார்கள். முகாம் சுவரில் கைதிகளை எப்படி நடத்த வேண்டும் என்ற விதிகளை ஒட்டி வைத்திருந்தார்கள். ஒட்டி வைக்க வேண்டும் என்பதும் ஒரு விதி. வேறு வேலை இல்லாததால் அவர் அதைத் தினமும் படித்தார். படித்துப் படித்து மனப்பாடம் ஆனது. காவலர்களுக்கு எத்தனை கம்பளியோ அத்தனை கைதிகளுக்கும் தர வேண்டும் என்று ஒரு ஷரத்து இருந்தது. காவலர்களுக்கு இரண்டு, இவர்களுக்கு ஒன்று. ஷரத்தின் எண்ணைச் சொல்லி முகாம் அதிகாரியிடம் போய் நின்றார். அதிகாரி விரட்டினார். மறுவாரம் போனார். அப்போதும் விரட்டினார். மூன்றாம் தடவை போனபோது அதிகாரி கொஞ்ச நேரம் இவரையே பார்த்துவிட்டு ஆளுக்கு இன்னொரு கம்பளி கொடுக்கச் சொன்னார். துப்பாக்கியால் முடியாத காரியம் ஒரு காகிதத்தால் முடிந்தது அவருக்கு ஆச்சரியமாக இருந்தது. அந்தப் பதினோரு மாதத்தில் அவருக்குச் சந்தோஷம் தந்த ஒரே நாள் அதுதான். இயந்திரத் துப்பாக்கிக்காரன் தன் கம்பளியை வாங்கிக்கொண்டான். ஆனால் கடைசிவரை அவரோடு பேசவில்லை.

இரு தரப்பும் கைதிகளை மாற்றிக்கொண்டபோது ஒரு பாலத்தின் மேல் நடந்து திரும்பி வந்தார்கள். விசாரணை அரைமணி நேரம் நடந்தது. மூன்று அதிகாரிகள் கேட்டார்கள்; வேறு வழி இருக்கவில்லை என்று எழுதிக்கொண்டார்கள். பதக்கமும் இல்லை, பழியும் இல்லை. காது கேட்காது என்பதால் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்தவருக்குக் கிடைத்த வேலை நீதிமன்ற வாசலில் காவல். சாட்சிகளின் பெயரைக் கூப்பிடுவதும், உள்ளே யாராவது சத்தம் போட்டால் முறைப்பதும்தான் வேலை. கேட்கிற காதைக் கதவுப் பக்கம் வைத்து ஆறு வருடம் வழக்குகளைக் கேட்டார். எந்த வக்கீல் படித்துவிட்டு வருகிறார், எவர் வாய்தா வாங்கியே காலம் தள்ளுகிறார் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. இந்த வேலையைத் தன்னாலும் செய்ய முடியும் என்று ஒரு நாள் தோன்றியது. முப்பத்து மூன்று வயதில் மாலை வகுப்பில் சேர்ந்தார். வகுப்பில் இருந்த பையன்கள் முதல் நாள் அவரைப் பேராசிரியர் என்று நினைத்து எழுந்து நின்றார்கள்.

அதற்கு ஒரு வருடம் முன்பே கல்யாணம் ஆகியிருந்தது. அவர் மனைவி தபால் நிலையத்தில் பார்சல் கவுண்ட்டரில் இருந்தார். பெண் பார்த்த அன்று, ரெண்டு பேரும் தனியாகப் பேசட்டும் என்று பெரியவர்கள் எழுந்து போனதும், அவர் பள்ளிக்கூடத்தில் நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டார். துண்டு, கோல், துப்பியது எல்லாம். அந்தப் பெண் முழுவதும் கேட்டுவிட்டு, "உள்ள என்ன இருக்குன்னு சொல்லிட்டீங்க. எங்க ஆபீஸ்ல இன்னொண்ணும் கேப்போம். உடையக்கூடிய பொருளா?" என்றாள்.

"கொஞ்சம்," என்றார் அவர்.

"சரி, பாத்துக்கலாம்," என்றாள். அவ்வளவுதான் அவர்களுடைய கல்யாணப் பேச்சு. அதற்குப் பிறகு அந்த விஷயத்தை வீட்டில் யாரும் எடுக்கவில்லை. மகள் பிறந்து வளர்ந்தபோதும் எடுக்கவில்லை. இன்று சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டதில் அவள் பெரியவளாகிவிட்டாள்.

வக்கீலாக அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது அந்த முடிதிருத்துபவரின் கடைதான். சுகாதாரக் கேடு என்று சொல்லி நகராட்சி கடைக்குப் பூட்டுப் போட்டது. உண்மையில் அந்த இடத்தின் மேல் வேறு யாருக்கோ கண். ஆய்வு செய்த தேதி என்று நோட்டீஸில் போட்டிருந்த நாளில் ஊரே வெள்ளத்தில் மிதந்துகொண்டிருந்தது; நகராட்சி அலுவலகமே திறக்கவில்லை. ஆய்வாளரைக் கூண்டில் ஏற்றி, அன்றைக்கு எந்த வழியாகக் கடைக்குப் போனார் என்று மட்டும் கேட்டார். ஆய்வாளர் ஒரு தெருவைச் சொன்னார். அந்தத் தெருவில் அன்று எவ்வளவு தண்ணீர் என்று கேட்டார். ஆய்வாளர் கைக்குட்டையை எடுத்தார். நீதிபதி சிரிப்பை அடக்கக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுநாள் கடை திறந்தது.

அதற்குப் பிறகு நகராட்சிமேல் யாருக்குக் கோபம் என்றாலும் நேராக அவருடைய அறைக்கு வந்தார்கள். மாடிப்படிக்குக் கீழே ஒரு அறை. ஒரு மேசை, இரண்டு நாற்காலி, ஒரு பெஞ்சு, ஒரு குமாஸ்தா. குமாஸ்தா கொஞ்சம் பருமன். அவர் உள்ளே வர வேண்டுமானால் வழக்குக்காக வந்த கட்சிக்காரர் யாராவது வெளியே போக வேண்டும். குடிநீர்க் குழாய் விஷயத்தில் மட்டும் நகராட்சிக்கு எதிராகப் பதினோரு வழக்குப் போட்டார், ஒன்பதில் ஜெயித்தார். தீர்ப்பு வந்தது, தண்ணீர் வரவில்லை.

அப்போதுதான் கட்சிச் செயலாளர் வந்தார். மெலிந்த ஆள், எந்நேரமும் எங்கேயோ புறப்படுகிற அவசரத்தில் இருப்பார். பெஞ்சில் உட்காராமலே பேசினார். "ஏன் மேஜர், வெளிய நின்னு வழக்கு போட்டுப் போட்டு ஓஞ்சு போறதுக்கு, உள்ள போய் நாற்காலியில உக்காந்து நீங்களே கையெழுத்துப் போடலாமே?" என்று கேட்டார்.

அவருக்கு அது நியாயமாகப் பட்டது. நகராட்சித் தலைவர் பதவிக்கு நிற்கச் சம்மதித்தார். துண்டறிக்கைக்காகப் பட்டாள அனுபவத்தைச் செயலாளர் கேட்டபோது சுருக்கமாகச் சொன்னார்: ஒரு பள்ளிக்கூடத்தில் மூன்று நாள் இருந்தோம், லெப்டினன்ட் இறந்துபோனார், அப்புறம் ஒன்பது பேரோடு திரும்பி வந்தேன். எல்லாம் உண்மை. இடையில் இருந்த பதினோரு மாதத்தைச் சொல்லவில்லை. இடைவெளியைச் செயலாளரே நிரப்பிக்கொண்டார். அச்சகத்திலிருந்து புரூஃப் வந்தது. 'மூன்று நாள் எதிரிப் படையைத் தடுத்து நிறுத்தி, ஒன்பது வீரர்களைப் பத்திரமாக மீட்டு வந்த மேஜர்' என்று அதில் இருந்தது. அவர் சிவப்புப் பேனாவால் இரண்டு எழுத்துப் பிழைகளைத் திருத்தினார். 'குடிநீர்' என்ற சொல்லில் ஒன்று, 'வாக்களிப்பீர்' என்பதில் ஒன்று. பேனா அந்த வரிக்கு மேலே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு மூடியைப் போட்டு, காகிதத்தைக் குமாஸ்தாவிடம் கொடுத்தார்.

நல்ல வித்தியாசத்தில் ஜெயித்தார். தலைவராகவும் நன்றாகவே வேலை செய்தார் என்று அவரைப் பிடிக்காதவர்களே சொன்னார்கள். காலை ஆறு மணிக்கு நீரேற்று நிலையத்தில் போய் நிற்பார். எந்தத் தெருவில் எந்த வால்வு இறுகிப் போயிருக்கிறது என்பது அவருக்குத் தெரியும். கோப்புகளை மேசையில் ஊறப்போட மாட்டார். அடுத்த தேர்தலிலும் ஜெயித்தார். துண்டறிக்கையில் அந்த வரி கொஞ்சம் பெருத்திருந்தது. தடுத்து நிறுத்திய எதிரிகளின் எண்ணிக்கையும் சேர்ந்திருந்தது. அந்தத் தடவை புரூஃபை அவர் பார்க்கவே இல்லை. பார்க்கக் கூடாது என்றுதான் பார்க்கவில்லை. மனைவி மட்டும் ஒரு துண்டறிக்கையை எடுத்து வந்து சாப்பாட்டு மேசையில் அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். அவர் அதைத் தள்ளிவைத்துவிட்டுச் சாப்பிட்டு எழுந்தார்.

மகள் இதற்குள் படித்து முடித்து, பெண்கள் பள்ளியில் கணக்கு ஆசிரியை ஆகியிருந்தாள். கணக்கைவிட அப்பாவைப் பற்றி நன்றாகச் சொல்லித் தருவாள் என்று சக ஆசிரியைகள் கேலி செய்வார்கள். ஒவ்வொரு வருடமும் பள்ளி ஆண்டு விழாவில் அந்த மூன்று நாள் கதையை அவளைத்தான் சொல்லச் சொன்னார்கள். துண்டறிக்கையில் இல்லாத விவரங்களும் அவள் பேச்சில் இருந்தன. அவை எங்கிருந்து வந்தன என்று யாருக்கும் தெரியாது. ஒரு தடவை மட்டும் அவர் விழாவுக்குப் போனார். பேச்சு முடிந்ததும் எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். அவர் ஒரு கூட்டம் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் பாதியில் கிளம்பி வந்தார். அப்படி ஒரு கூட்டம் இருக்கவில்லை.

மூன்றாவது தேர்தல் வந்தது. எதிர்த்து நின்றவர் ஒரு மரக்கடைக்காரர். மோசமான மனிதர் என்று சொல்ல முடியாது; சத்தமாகப் பேசுவார், அவ்வளவுதான். தேர்தலுக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது அவருடைய ஆட்கள் எங்கேயோ ஒரு பழைய செய்தித்தாளைக் கண்டுபிடித்தார்கள். பாலத்தின் மேல் மாற்றிக்கொள்ளப்பட்ட கைதிகளின் பட்டியல் அதில் இருந்தது. அதை அப்படியே நோட்டீஸில் பெரிதாக்கிப் போட்டு, மேலே 'கை தூக்கிய மேஜர்' என்று அச்சடித்துச் சுவர் சுவராக ஒட்டினார்கள். அன்று மத்தியானத்துக்குள், அவர் தெருவில் போனால் டீக்கடை பெஞ்சில் இருந்தவர்கள் இரண்டு கையையும் தூக்கிச் சோம்பல் முறிப்பதுபோல் பாவனை செய்தார்கள்.

செயலாளர் அவருடைய அறைக்கு ஓடி வந்தார். இந்தத் தடவை உட்கார்ந்தார். கையில் ஒரு பிரமாணப் பத்திரம், தட்டச்சு செய்து தயாராக இருந்தது. நான் ஒருபோதும் எதிரியிடம் சரணடைந்ததில்லை, பட்டியலில் உள்ளவர் வேறு ஒருவர் என்று சத்தியம் செய்து கையெழுத்திட வேண்டும். அதை வைத்து மான நஷ்ட வழக்குப் போட்டால் போதும். தேர்தல் முடிகிறவரை எதிராளி வாயைத் திறக்க முடியாது. வழக்கு விசாரணைக்கு வர நாலு வருடம் ஆகும். அதற்குள் யாருக்கு ஞாபகம் இருக்கப்போகிறது என்றார். வக்கீலுக்கே சட்டம் சொல்லித் தருகிறோமே என்ற கூச்சம் அவர் முகத்தில் இல்லை.

அவர் பத்திரத்தை இரண்டு தடவை படித்தார். வழக்கம்போல் முதலில் பிழை இருக்கிறதா என்று பார்த்தார். ஒரு பிழையும் இல்லை. "இதுல இருக்கறது நான்தான்," என்றார்.

செயலாளர் புரியாமல் பார்த்தார்.

"பட்டியல்ல இருக்கறது. வேற ஆள் இல்ல, நான்தான். பதினோரு மாசம் உள்ள இருந்தேன்."

செயலாளர் எழுந்து கதவைச் சாத்தினார். பெஞ்சில் இருந்த குமாஸ்தா வெளியே போவதா இருப்பதா என்று தெரியாமல் பாதி எழுந்து நின்றார். செயலாளர் தணிந்த குரலில், அது உண்மையாகவே இருக்கட்டும், கையெழுத்தைப் போடுங்கள் என்றார். கட்சிக்காக என்றார். ஊருக்காக என்றார். பாதியில் நிற்கிற நீர்த்தேக்கத் தொட்டிக்காக என்றார். அந்தக் கடைசிக் காரணம் அவரைக் கொஞ்சம் அசைத்துத்தான் பார்த்தது. தொட்டிக்கு இன்னும் ஆறு மாத வேலை பாக்கி. மரக்கடைக்காரர் வந்தால் அதை என்ன செய்வார் என்று தெரியாது.

"கூண்டுல ஏறினவங்ககிட்ட இருபது வருஷமா ஒண்ணுதான் சொல்லிட்டு வரேன். சத்தியம் பண்ணிட்டுப் பொய் சொல்லாதீங்க, மாட்டிக்குவீங்கன்னு," என்றார். பத்திரத்தை மடித்துத் திருப்பிக் கொடுத்தார். செயலாளர் வாசலில் நின்று, நீங்க தோத்தா தோக்குறது நீங்க மட்டும் இல்ல மேஜர் என்று சொல்லிவிட்டுப் போனார். அதுவும் உண்மைதான்.

அன்று வீட்டுக்குப் போனால் மகள் பள்ளியிலிருந்து சீக்கிரமே வந்து கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். ஆசிரியர் அறையில் யாரோ நோட்டீஸைக் காட்டியிருக்கிறார்கள். அவள் அதைக் கிழித்துப் போட்டு, காட்டியவளிடம் சண்டையும் போட்டுவிட்டு வந்திருந்தாள்.

"பொய்தானேப்பா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா. நிஜம்," என்றார்.

அவள் அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். அம்மா முகத்தில் ஆச்சரியம் இல்லை என்பதைப் பார்த்துக்கொண்டாள். "உங்களுக்குத் தெரியுமாம்மா?"

"கல்யாணத்துக்கு முன்னாடியே சொல்லிட்டார்," என்றார் அம்மா.

மகளின் குரல் உயரவில்லை. வகுப்பில் கணக்கின் படிகளைச் சொல்வதுபோல ஒவ்வொன்றாகச் சொன்னாள். "நீங்க கை தூக்கினீங்கன்னு நான் கோவப்படல. ஒன்பது பேரைக் காப்பாத்தினது நல்லதுதான். நான் அஞ்சு வருஷமா மேடையில நின்னு பொய் சொல்லியிருக்கேன். எனக்கே தெரியாம. நீங்க ஒரு தடவை வந்து கேட்டுட்டும் போனீங்க. கேட்டுட்டு எப்படிப்பா சும்மா இருந்தீங்க?"

மகள் எழுந்து உள்ளே போய்விட்டாள். அதற்குப் பிறகு பல வாரம் அவரிடம் நேராகப் பேசவில்லை. ஏதாவது சொல்ல வேண்டும் என்றால், அவர் எதிரே உட்கார்ந்திருக்கும்போதே, அப்பாகிட்ட சொல்லுங்கம்மா என்று ஆரம்பிப்பாள். அம்மாவும் தபால்காரர் மாதிரி இரண்டு பக்கமும் சேதியைச் சேர்த்துக்கொண்டிருந்தார்.

தேர்தலுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, சந்தை முனையில் கடைசிப் பொதுக்கூட்டம். மாலை ஐந்து மணி. வெயில் இன்னும் இறங்கவில்லை. வழக்கத்தைவிட இரண்டு மடங்கு கூட்டம். பாதிப் பேர் வேடிக்கை பார்க்க வந்தவர்கள். மரக்கடைக்காரரின் ஆட்கள் சிலரும் பின்னால் நின்றார்கள். மனைவி முன்வரிசையில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மகள் எதிரே மருந்துக்கடை ஓரத்தில் தனியாக நிற்பதை அவர் மேடையிலிருந்து பார்த்தார். செயலாளர் ஒலிபெருக்கியைக் கொடுக்கும்போது, நோட்டீஸைப் பத்தி வாயே திறக்காதீங்க, தண்ணி மட்டும் பேசுங்க என்று காதோரம் சொன்னார். கேட்காத காதின் பக்கம் நின்று சொன்னார்.

"எதிர்த்து நிக்கறவங்க அடிச்ச நோட்டீஸை எல்லாரும் படிச்சிருப்பீங்க," என்று ஆரம்பித்தார். "அது நிஜம். நான் கை தூக்கினேன். துண்டைக் கட்டிட்டு முதல்ல வெளிய போனது நான்தான். யாரும் சொல்லிச் செய்யல. நாலு பேருக்கு நடக்க முடியாது, தோட்டா ஆளுக்கு அஞ்சாறுதான், எதிர்ல டாங்கி. ஒன்பது பேரும் உயிரோட வீட்டுக்குப் போனாங்க. அதுக்காக நான் வெக்கப்படல. அதுல ஒருத்தன் என்னை இன்னும் மன்னிக்கல. அவன் பக்கமும் நியாயம் இருக்கலாம்."

பழக்கடைக்காரர் ஒருவர் தராசைக் கீழே வைத்துவிட்டு மேடையைப் பார்த்தார்.

"வெக்கப்படறது வேற ஒண்ணுக்கு. எதிரியைத் தடுத்து நிறுத்தினேன், ஆளுங்களை மீட்டு வந்தேன்னு எங்க நோட்டீஸ்ல போட்டிருந்துச்சு. அச்சடிக்கறதுக்கு முன்னாடி அந்தக் காகிதம் என் கைக்கு வந்துச்சு. ரெண்டு எழுத்துப் பிழையைத் திருத்தினேன். அந்த வரியைத் தொடல. தொட்டிருந்தா அன்னிக்கே முடிஞ்சிருக்கும். நீங்க அதையும் நம்பித்தான் ரெண்டு தடவை ஓட்டுப் போட்டீங்க. அது செயலாளர் தப்பு இல்ல, அச்சகத்துத் தப்பு இல்ல. என் தப்பு."

பின்னாலிருந்து ஒருவர், அப்போ மேஜருங்கறதும் இல்லையா என்று கேட்டார்.

"இல்லீங்க. சார்ஜண்ட். அதை மட்டும் நான் ஆரம்பத்துலயே சொன்னேன்," என்றார் அவர். கொஞ்சம் பேர் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து, எந்தெந்தத் தெருவுக்குக் குழாய் வந்துவிட்டது, எதற்கு வரவில்லை, ஏன் வரவில்லை என்று வரிசையாகப் படித்தார். அது கால்மணி நேரம் போயிற்று. செயலாளர் மேடைக்குப் பின்னால் தலையில் கையை வைத்துக்கொண்டு நின்றார். படித்து முடித்து நிமிர்ந்தபோது மருந்துக்கடை ஓரத்தில் மகள் இல்லை. எதுவரை கேட்டாள் என்று அவருக்குத் தெரியவில்லை.

இருநூற்றுப் பன்னிரண்டு ஓட்டில் தோற்றார். பேச்சுதான் கவிழ்த்துவிட்டது என்று செயலாளர் கடைசிவரை சொன்னார். பேசாமல் இருந்திருந்தால் இரண்டாயிரத்தில் தோற்றிருப்பார் என்று முடிதிருத்துபவர் சொன்னார். அவர் தானே உட்கார்ந்து வார்டு வாரியாகப் பார்த்தார். குழாய் போகாத இரண்டு வார்டுகளில்தான் அடி பலமாக விழுந்திருந்தது. அதைப் பார்த்ததும் மனம் கொஞ்சம் ஆறியது; தண்ணீர் கொடுக்காதவனைத் தோற்கடிப்பது முறைதானே என்று நினைத்துக்கொண்டார். மறுநாளே மரக்கடைக்காரரைப் பார்த்து, நீர்த்தேக்கத் தொட்டியின் கோப்பைக் கையோடு கொடுத்து, ஒப்பந்தக்காரர் எங்கெங்கே டிமிக்கி கொடுப்பார் என்பதையும் விளக்கிவிட்டு வந்தார். மரக்கடைக்காரர் முதல் தடவையாக மெதுவான குரலில் பேசி, வாசல்வரை வந்து வழியனுப்பினார்.

வக்கீல் தொழில் கொஞ்ச நாள் படுத்தது. செயலாளரின் உறவினர்கள் நாலைந்து பேர் வழக்குக் கட்டுகளைத் திருப்பி வாங்கிக்கொண்டு போனார்கள். வேறு சிலருக்கு வேறு பயம். ஒரு வீட்டுக்காரர் வந்து பெஞ்சின் நுனியில் உட்கார்ந்துகொண்டு, நீங்க உண்மையைச் சொல்ற வக்கீல்னு ஊரெல்லாம் பேச்சா இருக்கு, ஆனா நம்ம கேஸுக்கு அவ்வளவு தேவைப்படாதுங்க என்று நெளிந்தார். குமாஸ்தா சிரிப்பை மறைக்க அலமாரிப் பக்கம் திரும்பினார். அறை சிறியது என்பதால் மேசையில் இருந்த கட்டெல்லாம் சரிந்தது.

மூன்று மாதம் போனது. பள்ளிக்கு விடுமுறை விட்டிருந்தார்கள். ஒரு செவ்வாய்க்கிழமை, ஒரு சுவரில் ஜன்னல் வைத்தது பற்றி அண்ணன் தம்பி போட்டுக்கொண்ட வழக்கு நடந்துகொண்டிருந்தது. அவர் அண்ணனுக்காக ஆஜராகியிருந்தார். ஜன்னல் முப்பது வருடமாக இருக்கிறது என்பது வாதம். எழுந்து நின்று திரும்பியபோது, கடைசி வரிசையில், சாட்சிகள் உட்காரும் பெஞ்சில் மகள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். அவள் அதுவரை நீதிமன்றத்துக்குள் வந்ததே இல்லை. ஒரு கணம் கேள்வி மறந்துவிட்டது. நீதிபதி, வக்கீல் ஐயா என்று நினைவூட்ட வேண்டியிருந்தது.

வழக்குத் தோற்றது. ஜன்னல் எப்போது வைத்தீர்கள் என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டதற்கு, அண்ணன் யோசித்துப் பார்த்து, போன வருஷம்தாங்க, அதுக்கு முன்னாடி அங்க ஒரு சின்ன ஓட்டைதான் இருந்துச்சு என்று சொல்லிவிட்டார். சொல்லிவிட்டுச் சரியாகச் சொன்னேனா என்பதுபோல் தன் வக்கீலையே பார்த்தார். அவர் தலையாட்டுவதைத் தவிர வேறு என்ன செய்ய முடியும்.

வெளியே வந்ததும் மகள் அவருடைய கைப்பையை வாங்கிக்கொண்டாள். இரண்டு பேரும் பேருந்து நிறுத்தம்வரை நடந்தார்கள். மூன்று மாதத்துக்குப் பிறகு அவள் நேராக அவரிடம் பேசினாள்.

"ஒண்ணு கேக்கணும்ப்பா. அந்த லெப்டினன்ட் உயிரோட இருந்திருந்தா, அவர் துண்டு கட்டியிருப்பாரா?"

சாமர்த்தியமான பதில் ஒன்று நாக்கு நுனிவரை வந்தது. அதை விழுங்கிவிட்டு யோசித்தார். "கட்டியிருக்க மாட்டார்னுதான் தோணுது. கடைசிவரைக்கும் நில்லுங்கன்னு சொல்லியிருப்பார்."

"நீங்க என்ன பண்ணியிருப்பீங்க?"

"நின்னிருப்பேன். அவர் சொன்னா எனக்கு மறுபேச்சு கிடையாது."

"அப்போ நீங்க எல்லாரும் அங்கயே..."

"ஆமாம்மா. நீயும் பொறந்திருக்க மாட்ட." கொஞ்ச தூரம் நடந்த பிறகு, "அவர் போனதும் சொல்றதுக்கு ஆள் இல்ல. நானே முடிவு பண்ண வேண்டியதாப் போச்சு. அதுல வீரமும் இல்ல, கோழைத்தனமும் இல்ல. அவர் இருந்திருந்தா நல்லா இருந்திருக்கும்னு எத்தனையோ தடவை நினைச்சிருக்கேன். அவர் இருந்திருந்தா நான் இல்ல. இதை என்னன்னு எடுத்துக்கறதுன்னு எனக்கு இன்னும் தெரியல," என்றார்.

அவள் முகத்தில் கோபம் இல்லை. பேருந்து வந்தது. உட்கார இடம் ஒன்றுதான் இருந்தது. நீங்க உக்காருங்கப்பா என்று அவளும், நீ உக்காரு என்று அவரும் சொல்லிக்கொண்டிருக்கையில் வேறு ஒருவர் உட்கார்ந்துவிட்டார். இரண்டு பேரும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"அவர் எப்படிப்பா இருப்பார்?" என்று கேட்டாள்.

சொல்ல ஆரம்பித்தார். ஒல்லி. மீசை ஒழுங்காக முளைக்கவில்லை என்று அவருக்குப் பெரிய கவலை. சீழ்க்கை அடிப்பார், ஆனால் மெட்டு சரியாக வராது. யாரும் சொல்ல மாட்டார்கள், அதிகாரி ஆயிற்றே. வரைபடத்தை எப்போதும் தலைகீழாகப் பிரித்து, கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, யாரும் கவனிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டு திருப்புவார். மேல்மாடிக்குப் போவதற்கு முன்பு கடைசி பிஸ்கட்டை இரண்டாக உடைத்துப் பெரிய பாதியை இவரிடம் கொடுத்தார். இதையெல்லாம் அவர் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. நடுவில் ஓர் இடத்தில் நிறுத்தி, கம்பியைக் கை மாற்றிப் பிடித்தார். மகள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு காத்திருந்தாள். பிறகு தொடர்ந்தார். இரண்டு பேருமே கவனிக்கவில்லை, இறங்க வேண்டிய நிறுத்தம் போய்விட்டது. அதற்கும் அடுத்ததில் இறங்கி, வந்த வழியே திரும்பி, பேசிக்கொண்டே வீட்டுக்கு நடந்தார்கள்.